கருவாடு விற்ற காசு

2016 இலையுதிர் காலத்தில் ஒரு நாள், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரில் மாநில வரி கட்டும் அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இரண்டு இந்திய உணவகங்கள், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சலவைக் கடை, இப்படி. வழக்கமாக எல்லா வரியும் கணினியிலேயே போய்விடும். அன்றைக்கு ஒரு உணவகத்தின் விற்பனை வரியில் ஏதோ குழப்பம், நேரில் போய்க் காசோலை கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு இரண்டு ஆள் முன்னால் ஒரு பையன், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, தோளில் ஜிம் பை. அவனை ஓரத்தில் இருந்த தனிக் கவுன்ட்டருக்குக் கூப்பிட்டார்கள். பையைத் திறந்தான். முதலில் வந்தது சோபாவுக்கு அடிக்கும் ஸ்பிரே வாசனை. ஒரு விநாடி கழித்து அதற்கு அடியிலிருந்து எழும்பி வந்தது கஞ்சா வாசனை. அப்புறம்தான் நோட்டுக் கட்டுகள் கண்ணில் பட்டன. எல்லாம் இருபது டாலர் நோட்டுகள், ரப்பர் பேண்ட் போட்டவை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. ஒரு கட்டைப் பிரித்து எந்திரத்தில் வைத்தார், அது கடகடவென்று எண்ணித் தள்ளியது, அடுத்த கட்டு, அடுத்த கட்டு. நான் என் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும்போதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

என் அப்பா தூத்துக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று ராத்திரி போனில் இதைச் சொன்னேன். கஞ்சாக் கடைக்கு இந்த மாநிலம் உரிமம் கொடுக்கிறது, வங்கிகள் அந்தப் பணத்தைத் தொடப் பயப்படுகின்றன, அதனால் வரியைக்கூட நோட்டாகவே கொண்டுவருகிறார்கள் என்று. சும்மா ஒரு சுவாரஸ்யத்துக்காக, நாய் விற்ற காசு குரைக்காது, கருவாடு விற்ற காசு நாறாது என்பார்களே, இங்கே நாறுகிறது அப்பா என்றேன். "நாறாதுன்னு எவம்ல சொன்னான்? நல்லா நாறும். மீன்காரம்மா கொண்டாந்து போடுற நோட்டு ஈரமா இருக்கும், செதில் ஒட்டியிருக்கும். கையில வாங்கி எண்ணித்தான ஆகணும்? மூக்கைப் பொத்துனா வேலை போயிரும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சர்க்கார் வாங்குது, பேங்க்காரன் வாங்க மாட்டானா? இது என்னல கூத்து?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை.

நமக்குக் கறுப்புப் பணம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கில் காட்டாத பணம், வரி கட்டாத பணம், மெத்தைக்கு அடியிலும் பினாமி பெயரிலும் இருக்கிற பணம். நான் அந்தக் கவுன்ட்டரில் பார்த்தது அதற்கு நேர் தலைகீழ். ஒவ்வொரு செடிக்கும் ரேடியோ குறிச்சீட்டு மாட்டி, ஒவ்வொரு கிராமையும் மாநிலத்தின் கணினியில் ஏற்றி, கடையின் மூலைமுடுக்கெல்லாம் கேமரா வைத்து, பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டி, வரியையும் கையோடு கொண்டுவந்து கொடுக்கிறான் ஒருவன். அத்தனை வெள்ளையான பணம் இந்த நாட்டில் வேறு எந்தக் கடையிலும் கிடையாது. அதைப் போட்டு வைக்கத்தான் ஒரு கணக்கு இல்லை.

அதே நோட்டுகள் அன்று சாயங்காலமோ மறுநாளோ மாநில அரசின் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை ஃபெடரல், அதாவது மத்திய அரசின், சட்டப்படி அது குற்றத்தில் வந்த பணம். அந்தப் பக்கம் போய் ஒரு ரசீது கிழித்ததும் அது பள்ளிக்கூடக் கூரைக்கான பணம். மிகையாகச் சொல்லவில்லை, கஞ்சாவின் மொத்த விற்பனை மீதான 15 சதவீத வரியில் ஆண்டுக்கு முதல் 4 கோடி டாலர் பள்ளிக் கட்டடங்களுக்கு என்று ஆசை காட்டித்தான் கொலராடோவில் வாக்கு கேட்டார்கள். பணச்சலவை என்று ஊரெல்லாம் பேசுகிறோம். நான் கணக்கு எழுதும் சலவைக் கடையில்கூட இவ்வளவு சீக்கிரம் வெளுத்து நான் பார்த்ததில்லை.

யாருக்கு என்ன பயம்

வங்கிகளை அப்போது நான் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் படித்த பிறகு அவர்கள் பக்கமும் புரிந்தது, புரிந்ததால் கோபம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். 1970ஆம் ஆண்டு ஃபெடரல் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான தடைப் பட்டியலில், ஹெராயினுக்குப் பக்கத்தில் வைத்தது. மாநிலம் என்ன ஓட்டுப் போட்டாலும் ஃபெடரல் அரசுக்கு அது போதைப்பொருள் வியாபாரம். அந்தப் பணத்தைத் தெரிந்தே வாங்கிவைத்தால் வங்கியின் மேல் பணச்சலவை வழக்கு வரலாம். இங்கே எந்த வங்கியும் ஃபெடரல் அரசின் தொப்புள்கொடியை அறுத்துக்கொண்டு நிற்க முடியாது. வைப்புத்தொகைக் காப்பீடும் அவர்களுடையது, ஒரு கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் போகும் குழாயும் அவர்களுடையது.

2014 பிப்ரவரியில் கருவூலத் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கணக்குத் திறக்கலாம், ஆனால் அந்த வாடிக்கையாளரைப் பற்றிச் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கையை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதிலும் மூன்று ரகம்: ஒழுங்காக நடப்பவருக்கு ஒன்று, ஏதோ இடிக்கிறது என்றால் ஒன்று, கணக்கையே மூடிவிட்டோம் என்றால் ஒன்று. அதாவது உங்கள் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை என்பதைச் சொல்லவும் ஒரு சந்தேக அறிக்கைதான் எழுத வேண்டும். ஒரு கணக்குக்கு இத்தனை காகித வேலை என்றால் எந்த மேலாளர் வம்பை விலைக்கு வாங்குவார்? 2018 ஜனவரியில் நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், மாநிலச் சட்டப்படி நடப்பவர்களைப் பெரிதாகத் துரத்த வேண்டாம் என்று 2013இல் நீதித் துறை எழுதிய குறிப்பைக் கிழித்துப் போட்டார். கருவூலத்தின் வழிகாட்டுதல் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு துறை கதவைத் திறந்து வைக்கிறது, இன்னொரு துறை வாசலில் கம்போடு நிற்கிறது.

இதற்கென்றே ஒரு நிதி நிறுவனம் தொடங்கிப் பார்த்தார்கள். ஃபோர்த் கார்னர் க்ரெடிட் யூனியன் என்று பெயர். க்ரெடிட் யூனியன் என்பது நம் ஊர்க் கூட்டுறவு வங்கி மாதிரி. 2014 நவம்பரில் கொலராடோ உரிமம் கொடுத்தது. அந்தப் பணக் குழாயைக் கையில் வைத்திருக்கும் மத்திய வங்கி அமைப்பின் ஒரு பிரிவான கன்சாஸ் சிட்டி ஃபெடரல் ரிசர்வ் வங்கி, இணைப்புக் கொடுக்க மாட்டேன் என்றது. வழக்கு. 2016 தொடக்கத்தில் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2017இல் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளும் மூன்று விதமாகத் தனித்தனித் தீர்ப்பு எழுதினார்கள். கடைசியில் 2018இல் ரிசர்வ் வங்கி நிபந்தனையோடு இறங்கி வந்தது. நிபந்தனை என்ன தெரியுமா? சட்டம் மாறும்வரை கஞ்சாவைக் கையால் தொடுகிற கடைகளுக்குச் சேவை செய்யக் கூடாது. கல்யாணத்துக்குச் சம்மதம், மாப்பிள்ளை மட்டும் வரக் கூடாது என்பது போல.

இது காகிதச் சண்டை மட்டும் என்றால் நானும் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். டென்வருக்குப் பக்கத்தில் நான் இருக்கும் அரோராவில் 2016 ஜூனில் ஒரு கஞ்சாக் கடையைக் கொள்ளையடிக்க வந்தவர்கள் காவலாளியைச் சுட்டுக் கொன்றார்கள். இருபத்துநாலு வயது, முன்னாள் மரைன் படைவீரர். ரொக்கம் இருக்கும் இடம் என்று ஊருக்கே தெரிந்த கடையின் வாசலில் நிற்பதுதான் அவருடைய வேலை. 2022 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தில் நாலைந்து நாளுக்குள் இப்படிப்பட்ட கடைகளில் நடந்த கொள்ளைகளில் மூன்று பேர் செத்தார்கள், அதில் ஒருவர் டகோமாவில் ஒரு கடையின் ஊழியர். அந்த மாநிலம் ஒவ்வொரு விற்பனையிலும் 37 சதவீதம் வரி வாங்குகிறது.

சரி, கவச வண்டியில் ஏற்றி அனுப்பலாமே என்றால் அதிலும் கதை இருக்கிறது. 2021 மே மாதம் எம்பைரியல் என்ற நிறுவனத்தின் வேன், மிசௌரியில் உரிமம் பெற்ற மருத்துவக் கஞ்சாக் கடைகளின் பணத்தை ஏற்றிக்கொண்டு கொலராடோவில் உள்ள ஒரு க்ரெடிட் யூனியனுக்கு வந்துகொண்டிருந்தது. நடுவில் கன்சாஸ். அங்கே கஞ்சாவுக்கு அனுமதி கிடையாது. நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி 1,65,620 டாலரை எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் மேல் ஒரு வழக்கும் இல்லை, பணத்தின் மேல்தான் வழக்கு. ஃபெடரல் அரசுடன் சேர்ந்து இப்படிப் பறிமுதல் செய்தால் உள்ளூர் காவல் துறைக்கு 80 சதவீதம் வரை பங்கு கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒழுங்காக வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த பணம் அது!

அந்த அம்மா

2019 கோடையில் பெட்ரோல் பங்க் முதலாளி ஒரு அம்மாவை என்னிடம் அனுப்பிவைத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், இருபது வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுச் சேமிப்பைப் போட்டு ஒரு சின்னக் கஞ்சாக் கடை வைத்தவர். அவருடைய பழைய கணக்காளர் வேறு ஊருக்குப் போய்விட்டார், நீங்கள் எழுதுகிறீர்களா என்று கேட்டார். வாருங்கள், கடையைப் பாருங்கள் என்று பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தரையோடு திருகிவைத்த இரும்புப் பெட்டி, ஒன்பது கேமராத் திரைகள், நோட்டெண்ணும் எந்திரம். அதன் பக்கத்தில், நான் எதிர்பார்த்தபடியே, ஸ்பிரே டப்பா.

அவருக்கு மூன்று வங்கிகள் கணக்கை மூடியிருந்தன. ஒவ்வொரு முறையும் கடிதத்தோடு மீதித் தொகைக்கு ஒரு காசோலை வருமாம். அந்தக் காசோலையைப் போடக் கணக்கு வேண்டாமா? இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மின்கட்டணம் கட்ட நாலு மளிகைக் கடை ஏறி இறங்கி மணியார்டர் வாங்குவார். சம்பளம் கவரில். ராத்திரி வீட்டுக்குத் தினமும் வேறு வேறு பாதை. ஒரு வழியாக ஒரு க்ரெடிட் யூனியன் கணக்குக் கொடுத்தது, மாதக் கட்டணம் மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல். என் உணவகங்கள் அதே சேவைக்குப் பதினைந்து டாலர் கட்டுகின்றன.

அன்று அவருடைய கணக்கை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் வருமான வரிச் சட்டத்தின் 280இ பிரிவை முதல்முறையாக நடைமுறையில் பார்த்தேன். அது பிறந்த கதையே தனி. 1981இல் மினியாபொலிசில் ஒரு போதைப்பொருள் வியாபாரி, தராசு, வாடகை, டெலிபோன், கார் ஓட்டிய செலவு எல்லாவற்றையும் வருமானத்தில் கழித்துக்கொள்ள வரி நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. நாடாளுமன்றத்துக்குக் கோபம் வந்து அடுத்த வருடமே அட்டவணை ஒன்று, இரண்டில் உள்ள பொருளை விற்பவருக்கு எந்தச் செலவும் கழிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். சரக்கின் அடக்க விலையை மட்டும் கழிக்கலாம். முப்பது வருடம் கழித்து, உரிமம் வாங்கி வரி கட்டுகிற கடைக்காரர் தலையில் அது விழுந்தது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்து லட்சம் டாலர் விற்பனை, ஆறு லட்சம் சரக்கு, மூன்று லட்சம் வாடகை, சம்பளம், காவல். கையில் நிற்பது ஒரு லட்சம். வேறு எந்தக் கடையாக இருந்தாலும் அந்த ஒரு லட்சத்துக்கு 21 சதவீதம், 21,000 டாலர். இவருக்கு நாலு லட்சத்துக்கு வரி, 84,000 டாலர். மிச்சம் 16,000, அதில்தான் மற்றதெல்லாம்.

இன்னொன்றும் உண்டு. சம்பளத்தில் பிடித்த வரியை மின்னணு முறையில் கட்டாமல் ரொக்கமாகக் கொண்டுவந்தால் வருமான வரித் துறை பத்து சதவீதம் அபராதம் போட்டுக்கொண்டிருந்தது. வங்கிக் கணக்கே இல்லாதவன் மின்னணு முறையில் எப்படிக் கட்டுவான்? டென்வரில் ஆல்கிரீன்ஸ் என்ற கடை வரி நீதிமன்றம் வரை போன பிறகுதான், 2015இல், துறை இறங்கி வந்தது.

நான் கொதித்துப்போய்த்தான் வீட்டுக்கு வந்தேன். இந்த அம்மாவின் கணக்கைக் கட்டாயம் எழுதப்போகிறேன் என்று சொன்னேன். என் மனைவி சாதத்தை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏங்க, நம்ம கிரீன் கார்டு?"

மறுநாள் வக்கீலைக் கூப்பிட்டேன். அந்த வருடம் ஏப்ரலில்தான் குடியுரிமைத் துறை ஒரு விளக்கம் வெளியிட்டிருந்தது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சாத் தொழிலில் ஈடுபடுவது குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று. டென்வரிலேயே லிதுவேனியாவிலிருந்து வந்த ஒருவருக்கும் எல் சால்வடாரிலிருந்து வந்த ஒருவருக்கும் இதனால் பிரச்சினையாகி, மேயர் மைக்கேல் ஹான்காக் அட்டர்னி ஜெனரலுக்குக் கடிதமே எழுதியிருந்தார். கணக்கு எழுதுகிறவனுக்கும் இது பொருந்துமா என்று கேட்டேன். "பொருந்தாது என்று என்னால் எழுதித் தர முடியாது" என்றார் வக்கீல்.

மூன்று நாள் இழுத்தடித்தேன். நான்காம் நாள் அந்த அம்மாவுக்குப் போன் செய்து, இப்போது வேலைப்பளு அதிகம் என்று ஆரம்பித்தேன். பொய். அவர் குறுக்கிட்டு, "உங்களுடைய விசா விஷயமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான், நீங்கள் போன் செய்தாவது சொன்னீர்கள், வங்கிகள் கடிதம்தான் அனுப்பும் என்றார்.

அந்த வாக்கியத்தை இன்றுவரை முழுங்க முடியவில்லை. மூன்று வருடமாக வங்கிகளைத் திட்டிக்கொண்டிருந்த நானும் அன்றைக்கு ஒரு வங்கிதான். அந்த அம்மா தப்பான ஆள் என்று நான் நினைக்கவில்லை. எந்த வங்கி மேலாளரும்கூட நினைத்திருக்க மாட்டார். எழுதித் தர முடியாது என்று யாரோ ஒருவர் சொன்னதும் அவரவர் வீட்டை நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினோம், அவ்வளவுதான். பயப்படாமல் கை நீட்டியது அந்த வரிக் கவுன்ட்டர் மட்டும்தான். அதைக் கேட்க ஆள் கிடையாது, அதற்குக் கிரீன் கார்டும் தேவையில்லை.

(பணம் வாங்காமல், அவருடைய சமையலறையில் உட்கார்ந்து, பழைய கணக்காளர் விட்டுப்போன ஒரு சிக்கலை மட்டும் ஒரு சனிக்கிழமை பிரித்துக் கொடுத்தேன். வக்கீலிடம் சொல்லவில்லை. 2022இல் குடியுரிமை வாங்கிவிட்டேன், அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.)

மஞ்சக் கடுதாசியும் இல்லை

நான் கஞ்சா ஆதரவாளன் இல்லை. எங்கள் அடுக்குமாடியின் மாடிப்படியில் ஏறும்போது வரும் அந்த நாற்றம் எனக்குப் பிடிக்காது, என் பையன் கல்லூரிக்குப் போகும் வயதில் அதைத் தொடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு பொருளை விற்கலாம் என்று சொல்லி, அதில் வரியும் வாங்கிய பிறகு, விற்ற காசை எங்கே வைப்பது என்று சொல்லாமல் விடுவது எந்த ஊர் நியாயம்?

தலைநகர் வாஷிங்டனில் இதைச் சரிசெய்ய ஒரு மசோதா வந்தது. 2019இல் பிரதிநிதிகள் அவை 321க்கு 103 என்று நிறைவேற்றியது. 2021இல் 321க்கு 101. வேறு சட்டங்களோடு சேர்த்தும் தனியாகவும் ஏழு தடவை அந்த அவையைத் தாண்டியிருக்கிறது. செனட்டில் ஒவ்வொரு முறையும் படுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் செனட்டின் வங்கிக் குழு 14க்கு 9 என்று ஒத்துக்கொண்டபோது அந்த அம்மா எனக்கு ஒரு செய்தி அனுப்பினார், ஒரு சிரிப்புப் பொம்மையோடு. முழு அவைக்கு அது வரவில்லை. 2024 மே மாதம் கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு இறக்கலாம் என்று நீதித் துறை முன்மொழிந்தது. இறக்கினால் 280இ விலகும், வங்கிப் பிரச்சினை அப்போதும் முழுதாகத் தீராது.

அவருடைய கடை அதற்கு முன்பே போய்விட்டது. கொரோனாக் காலத்தில் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. கொலராடோவின் கஞ்சா வரி வருவாய் 2014இல் சுமார் 6.8 கோடி டாலராக இருந்தது 2021இல் 42 கோடியைத் தாண்டியது. அப்புறம் விலை விழுந்தது, பக்கத்து மாநிலங்களிலும் கடை வந்தது, 2023இல் 27 கோடிக்கு வந்துவிட்டது. மாநிலம் பட்ஜெட்டில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். ஒற்றைக் கடைக்காரர் எதை வெட்டுவார்? நம் ஊர் என்றால் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளலாம். இங்கே திவால் நீதிமன்றம் ஃபெடரல் நீதிமன்றம், கஞ்சாக் கடைக்கு அந்தக் கதவும் சாத்தித்தான் இருக்கிறது. 2023 டிசம்பரில் எந்திரத்தையும் கேமராக்களையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு அவர் மறுபடி நர்ஸ் வேலைக்குப் போய்விட்டார். கடைசி மாத வரியையும் கட்டிவிட்டுத்தான் மூடினார் என்று பெட்ரோல் பங்க் முதலாளி சொன்னார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே ஐந்து இருபது டாலர் நோட்டுகள், "அந்தச் சனிக்கிழமைக்கு" என்று ஒரு வரி. பிரித்ததும் அதே வாசனை. இப்போது எனக்கு எந்தப் பயமும் இல்லை, நூறு டாலரை எந்த வங்கியும் ஏன் என்று கேட்காது. இருந்தாலும் என் வங்கியின் வாசல்வரை ஒரு முறை கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தேன். கோயில் உண்டியலில் போட்டுவிடுங்கள் என்றாள் மனைவி. அப்பாவிடம் கேட்டேன். "கொண்டா, நான் எண்ணித் தாரேன்" என்று சிரித்தார்.

நோட்டுகள் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. மனைவி பக்கத்தில் இரண்டு அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறாள். போன வாரம் திறந்து முகர்ந்து பார்த்தேன், எங்கள் ஊர் வீட்டு மரப்பெட்டி வாசனை வருகிறது.